கோழிக்கு ஊசி போடுறீங்களா, இல்லையா?

பல்லடம்_பண்ணை:
"பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டு 45 நாளில் 2 கிலோ ஆக்குறாங்க, பொண்ணுங்களுக்குக் கொடுக்காதீங்க"ன்னு ஒரு வாட்ஸப் செய்தியை நேத்து இங்கேயே நாலு பேர் போட்டிருக்கீங்க. படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தா குடல்லயே செரிச்சுப் போயிடும், இன்சுலினை மாத்திரையா விழுங்கின மாதிரி. அப்ப ஊசியாத்தான் போடணும். ரத்தத்தில் ரொம்ப நேரம் நிக்காது, அதனால திரும்பத் திரும்பப் போடணும். ஒரு ஷெட்டில் 10,000 கோழி. பிடிச்சு, குத்தி, விட ஒண்ணுக்கு 10 விநாடி வச்சாலே ஒரு சுத்துக்கு 27 மணி நேரத்துக்கு மேல. எந்தப் பண்ணையில இதுக்கு ஆள் இருக்கு?

இயற்கை_உணவகம்:
கணக்கெல்லாம் இருக்கட்டும் சார். கோழிக் கழுத்தில் ஊசி குத்துற வீடியோ ஊர் பூரா இருக்கு. ஊசி போடுறீங்களா, இல்லையா?

பல்லடம்_பண்ணை:
அது ராணிக்கெட், அதாவது வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி. முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, உயிருள்ள கிருமியில் செஞ்ச தடுப்பு மருந்து. அதோடவே கழுத்துத் தோலுக்கடியில் எண்ணெயில் கலந்த செத்த கிருமி மருந்து, கால் மில்லி. வீடியோவில் நீங்க பார்த்தது இதைத்தான். அப்புறம் 12லிருந்து 14ஆம் நாளுக்குள் கம்போரோங்கிற இன்னொரு கோழி நோய்க்கான தடுப்பு மருந்து, அது தண்ணியில். ஒரு மணி, ரெண்டு மணி நேரம் தண்ணி காட்டாம தாகப்பட வைக்கணும். லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பெடுத்த பால் பவுடர் கலக்கணும், இல்லைன்னா தண்ணியில இருக்கிற குளோரின் அந்தத் தடுப்பு மருந்தைக் கொன்னுடும். குளோரின் தண்ணியிலேயே கலந்து ஊத்திட்டு, நோய் வந்த பிறகு கம்பெனியைத் திட்டுறவங்களும் இருக்காங்க.

இயற்கை_உணவகம்:
ஆக, ஊசி போடுறீங்க. நன்றி.

பல்லடம்_பண்ணை:
தடுப்பூசின்னு எழுதியிருக்கேன். உங்க குழந்தைக்குப் போலியோ சொட்டு ஊத்தினா அது ஹார்மோனா?

மேலப்பாளையம்_மட்டன்:
போலியோ சொட்டு போட்ட குழந்தை 45 நாளில் 50 மடங்கு எடை ஏறாது அண்ணே.

கால்நடை_ஆய்வகம்:
ஏறுறதுக்குக் காரணம் இனம். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 காலத்துக் கோழி இனங்கள் மூணையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்தாங்க. 56ஆம் நாள் எடை: 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒண்ணுதான், ஹார்மோன் கிடையாது. ஒவ்வொரு தலைமுறையிலும் சீக்கிரம் வளர்றதை மட்டும் பொறுக்கி இனம் சேர்த்ததோட பலன் அது. அதுக்கு விலையும் உண்டு: கால் எடையைத் தாங்காது, இதயம் ஈடுகொடுக்காம வயித்தில் நீர் கோர்க்கும், மே மாச வெயிலில் மொத்தமாச் சுருண்டு விழும்.

இயற்கை_உணவகம்:
கனடா கதை வேண்டாம் சார். அமெரிக்காவில் கோழிக் கழுத்தில் ஈஸ்ட்ரோஜன் குளிகை வச்சாங்களா இல்லையா? 1959 வரைக்கும் வச்சாங்க. அதுக்கும் ஊசிதான்.

பல்லடம்_பண்ணை:
வச்சாங்க. டிஇஎஸ்னு பேரு, செயற்கை ஈஸ்ட்ரோஜன். சேவலைக் கொழுக்க வைக்க ஒரு குளிகை. அந்த வருஷமே கோழிக்குத் தடை பண்ணிட்டாங்க. 1959ல இருந்த அமெரிக்கப் பழக்கத்துக்கு இன்னைக்குப் பல்லடத்துக்காரன் பதில் சொல்லணுமா? 40 கிராம் குஞ்சு, மூணேகால் கிலோ மக்காச்சோளமும் சோயாவும் தின்னு 2 கிலோ ஆகுது. வேற ரகசியம் எதுவும் கிடையாது.

அம்மா_கை_சமையல்:
ஹார்மோனை விடுங்க. ஆன்டிபயாடிக்? டெல்லியில் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014ல 70 கோழிக்கறி மாதிரியைச் சோதிச்சதில் 28ல மருந்து எச்சம் இருந்துச்சே. அதுக்குப் பதில் சொல்லுங்க.

கால்நடை_ஆய்வகம்:
இது நியாயமான கேள்வி மேடம். சளி நோய் வந்தா என்ரோஃப்ளாக்ஸசின்ங்கிற ஆன்டிபயாடிக் தண்ணியில் போகும். மருந்தை நிறுத்தி, லேபிளில் போட்டிருக்கிற நாள் கழிஞ்ச பிறகுதான் கோழியை ஏத்தணும். கோளாறு எங்கேன்னா, 33ஆம் நாள் மருந்து கொடுத்திருப்பாங்க, 35ஆம் நாள் பண்ணை விலை ஏறும், வியாபாரி வண்டியோட வந்து நிப்பார், ஏத்திடுவாங்க. சமைச்சாலும் எல்லா எச்சமும் அழியாது. கோலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாதுன்னு அரசு 2019ல தடை போட்டதுக்குக் காரணமே, மனுஷனுக்குக் கடைசியாக் கையில் இருக்கிற மருந்துகளில் அது ஒண்ணு. வளர்ச்சிக்காக அதைத் தீவனத்திலேயே கலந்துட்டு இருந்தாங்க.

பல்லடம்_பண்ணை:
எல்லாப் பண்ணையும் அப்படிச் செய்யறதில்லை. பொத்தாம்பொதுவா எழுதாதீங்க டாக்டர்.

கிணத்துக்கடவு_ஷெட்:
பல்லடத்துக்காரர் கம்பெனிக்காகப் பேசுறார். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது. ஷெட், கரண்ட், தரையில் பரப்புற தேங்காய் நார்க்கழிவு, ராத்திரி காவல் எங்களோடது. வளர்ப்புக் கூலி கிலோவுக்கு என்ன கொடுக்கறீங்கன்னு இங்கே எழுதுங்க பார்ப்போம்.

பல்லடம்_பண்ணை:
அதுக்கும் இந்தத் திரிக்கும் என்ன சம்பந்தம்?

கிணத்துக்கடவு_ஷெட்:
சம்பந்தம் இருக்கு. கூலி கட்டுபடியாகாதவன் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிகூட விடாம நெருக்கிப் போடுவான். நார் ஈரமாகும், அம்மோனியா ஏறும், கண்ணெரிச்சல், சளி. அப்புறம்தான் மருந்து. ஜனங்க பயப்படுற மருந்து அங்கேதான் ஆரம்பிக்குது.

சிறுவிடை_வீடு:
இதுக்குத்தான் நாட்டுக்கோழி சாப்பிடுங்கன்னு சொல்றோம். எங்க கோழிக்கு ஊசி கிடையாது.

பல்லடம்_பண்ணை:
கிடையாதா? பிப்ரவரி மாசம் கால்நடைத்துறை ரெண்டு வார முகாம் எதுக்கு நடத்துது? எட்டு வாரம் தாண்டின நாட்டுக்கோழிக்கு இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி, வெள்ளைக்கழிச்சலுக்கு. ஊசிதான். எங்க கோழிக்குப் போடுறதைப் போல ரெண்டு மடங்கு அளவு. அப்ப உங்க கோழியும் ஹார்மோன் கோழியா?

சிறுவிடை_வீடு:
அது அரசு ஊசி.

பல்லடம்_பண்ணை:
அரசு ஊசின்னா கோழிக்கு வலிக்காதா? இன்னொண்ணு, 80 நாளில் ஒண்ணரைக் கிலோ வந்து நாட்டுக்கோழின்னு விக்கிறது கலப்பினம். அசல் சிறுவிடை நாட்டு இனம் அந்த எடைக்கு வர நாலஞ்சு மாசம் ஆகும். உங்க கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கீங்க?

சிறுவிடை_வீடு:
எங்க பலகையைப் பத்திப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. நாங்க அசில் கிராஸ், அதாவது அசில் கலப்பினம்னு சொல்லித்தான் விக்கிறோம், கேக்கறவங்களுக்கு.

பல்லடம்_பண்ணை:
கேக்காதவங்களுக்கு?

அம்மா_கை_சமையல்:
கடையில் ஒரே மரக்கட்டை, ஒரே கத்தி, ஒரே டிரம் தண்ணியில் நாள் பூரா முக்கி எடுக்கறாங்க. வீட்டுக்குக் கொண்டு வந்து குழாயடியில் கழுவுறப்ப அந்தக் கிருமி பக்கத்தில் இருக்கிற தக்காளி, கொத்தமல்லி மேலெல்லாம் தெறிக்குது. வாந்தி பேதி வர்றது இதில்தான். இதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

கால்நடை_ஆய்வகம்:
சரியாச் சொன்னீங்க மேடம். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி சூடு ஏறணும். எலும்பு ஓரத்தில் ரத்தம் இருக்கான்னு கண்ணால் பார்த்தா மட்டும் பத்தாது.

மேலப்பாளையம்_மட்டன்:
ஆட்டுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை.

கால்நடை_ஆய்வகம்:
ஆட்டுக்கும் பிபிஆர்ங்கிற ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஒரு மில்லி, தோலுக்கடியில்.

இயற்கை_உணவகம்:
எல்லாரும் சுத்திச் சுத்திப் பேசுறீங்க. நான் கேட்டது ஒரே கேள்வி. ஊசி போடறதைப் பல்லடத்துக்காரர் அவர் வாயாலேயே ஒத்துக்கிட்டார். அதைப் படம் எடுத்து எங்க குழுவில் போட்டாச்சு.

பல்லடம்_பண்ணை:
தடுப்பூசிங்கிற வார்த்தையை வெட்டிட்டுத்தானே போட்டீங்க? முழுசாப் போடுங்க. கால் மில்லி, முதல் வாரம், ஒரே தடவை. பத்தாம் தடவையா எழுதறேன்.

கிணத்துக்கடவு_ஷெட்:
கூலி எவ்வளவுன்னு இன்னும் எழுதலை அண்ணே.