25,000 ரூபாய்க்குள் முதல் பேஸ் கிட்டார்: நான்கு கம்பியா, ஐந்து கம்பியா?

உப்பளத்தான்

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஆறு ஆண்டுகளாக அக்குஸ்டிக் கிட்டார் வாசித்து வருகிறேன். பேஸ் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டார். அவருடைய கிட்டாரும் அவரோடு போய்விட்டது. இனி பேஸ் நீதான் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. உறை, கேபிள் உட்பட எல்லாமே அதற்குள் முடிய வேண்டும்.

நாங்கள் பாடும் பாமாலைகளில் பல இ ஃப்ளாட், பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட் சுருதிகளில் அமைந்தவை. நான்கு கம்பி பேஸில் மிகத் தாழ்ந்த ஸ்வரம் இ என்பதால், இ ஃப்ளாட்டில் முடியும் பாடலுக்கு அடி ஸ்வரம் கிடைக்காது, ஆகவே ஐந்து கம்பிதான் வாங்க வேண்டும் என்று ஆர்கன் வாசிக்கும் ஐயா உறுதியாகச் சொல்கிறார். எனக்கோ விரல்கள் குட்டை. தனியாக ஆம்ப் வாங்க வழியில்லை; ஆலயத்தின் மிக்சரில்தான் செருகியாக வேண்டும். பழையது வாங்கினால் இதே பணத்துக்கு மேலான கிட்டார் கிடைக்குமா என்ற ஆசையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தாழ்சுருதி

ஐயா சொல்வது இசைக் கணக்கில் சரி, ஒலிபெருக்கியின் கணக்கில் சரியில்லை. நான்கு கம்பி பேஸின் இ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. நீங்கள் தேடும் இ ஃப்ளாட் 39 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே. ஐந்தாவது கம்பியான பி ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ். ஆலயங்களில் தூணுக்குத் தூண் மாட்டியிருக்கும் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் பேச்சுக்காக வைக்கப்பட்டவை. அவற்றில் இந்த ஆழம் ஒலியாக வெளியே வருவதே இல்லை. அந்த ஸ்வரத்தோடு சேர்ந்தே மெலிதாக ஒலிக்கும் மேல் ஸ்வரங்கள் மட்டும் வருகின்றன, அடியை நம் காது தானாக நிரப்பிக்கொள்கிறது. என் பேச்சை நம்ப வேண்டாம். ஆலயத்துக் கீபோர்டில் பேஸ் ஒலியைத் தேர்ந்து, மிகத் தாழ்ந்த இ ஃப்ளாட்டை ஒருவரை அழுத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பாருங்கள். பிறகு அதற்கு மேலுள்ள இ ஃப்ளாட்டைக் கேளுங்கள். அந்த மேல் ஸ்வரம் ஏ கம்பியின் ஆறாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) இருக்கிறது, 78 ஹெர்ட்ஸ், எந்தப் பெட்டியிலும் தெளிவாகப் பேசும். அப்படியும் அடி ஸ்வரம் வேண்டும் என்று தோன்றும் பாடலுக்கு இ கம்பியை மட்டும் அரை ஸ்வரம் தளர்த்திக்கொள்ளலாம். ட்யூனர் இருந்தால் பத்து விநாடி வேலை.

இந்த விலையில் வரும் ஐந்து கம்பிகள் பலவற்றில் பி கம்பி தொளதொளவென்று, ஸ்வரம் நிற்காமல் போவதையும் பார்த்திருக்கிறேன். அதன் அகலக் கழுத்து குட்டை விரல்களுக்கு இன்னொரு தண்டனை.

விரலைப் பற்றிக் கேட்டதால் ஓர் அளவு சொல்கிறேன். உங்கள் அக்குஸ்டிக் கிட்டாரில் முதல் ஃபிரெட், கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் பள்ளக் கட்டையான நட்டிலிருந்து ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். ஃபெண்டர் நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது வைத்த 34 அங்குலக் கம்பி நீளமே இன்றுவரை பொது அளவு. அதில் அந்த இடைவெளி 48 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. முதல் வாரம் சுண்டு விரல் வலிக்கும், பிறகு பழகிவிடும். நீளத்தைவிடக் கழுத்தின் அகலம்தான் உங்களுக்கு முக்கியம் என்பது என் எண்ணம். 1960இல் வந்த ஜாஸ் பேஸின் கழுத்து நட்டருகே 38 மில்லிமீட்டர்தான். பிரிசிஷன் அதைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். கடையில் இரண்டையும் பிடித்துப் பார்த்தால் வேறுபாட்டைக் கை உடனே சொல்லிவிடும்.

யமஹா டி.ஆர்.பி.எக்ஸ் 174, ஐபனேஸ் ஜி.எஸ்.ஆர் 200, ஸ்குவையர் அஃபினிட்டி வரிசை ஆகியவற்றை நான் முதலில் பார்ப்பேன். ஊருக்கு ஊர் விலை மாறுகிறது. இவற்றில் எது உங்கள் பணத்துக்குள் அடங்குகிறதோ அதை வாங்கினால் தவறாகாது. முதல் இரண்டிலும் கம்பியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பிக்கப் இரண்டு, நடுவில் பிரிசிஷன் வகை ஒன்றும் உடலில் கம்பிகள் முடியும் பாலத்தருகே ஜாஸ் வகை ஒன்றும் இருப்பதால், பாமாலைக்கு உருண்டையான ஒலியும் இளைஞர் கூட்டத்துப் பாடல்களுக்குக் கூர்மையான ஒலியும் ஒரே கருவியில் கிடைக்கும். கை உண்மையிலேயே எட்டவில்லை என்றால் மட்டும் 30 அங்குல ஸ்குவையர் பிராங்கோவையோ 28.6 அங்குல ஐபனேஸ் மைக்ரோவையோ யோசியுங்கள்.

பழையகம்பி

தம்பி, பழையதில் பணம் மிச்சமாகும் என்பது உண்மை, ஆனால் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, திருநெல்வேலிப் பேருந்து நிலையத்தில் வைத்து ஒன்பதாயிரத்துக்கு ஒரு பேஸ் வாங்கினேன். பளபளப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பி ஒரு விரல் உயரத்துக்கு நிற்கிறது. சரி, கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைச் சற்று முறுக்கலாம் என்று ஆலன் கீயைச் செருகினேன். அது வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, உள்ளே எதுவும் அசையவில்லை. எனக்கு முன் யாரோ பொருந்தாத அளவுக் கீயைப் போட்டு அழுத்தி, அந்தத் திருகின் மூலைகளையெல்லாம் மழுக்கியிருக்கிறார். கழுத்தையே மாற்ற வேண்டும் என்றார் பழுது பார்ப்பவர். அந்தக் கிட்டார் இப்போதும் பரண்மேல்தான் கிடக்கிறது.

ஆகவே பழையதைப் பார்க்கப் போகும்போது ஒரு செட் ஆலன் கீயையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். தச்சர் பலகையை ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுபோல் கழுத்தை நெடுகப் பாருங்கள். வலமோ இடமோ முறுக்கிக்கொண்டிருந்தால் பேரமே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் உடலோடு கழுத்து சேரும் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவே ஏழு எட்டாம் ஃபிரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால், விற்பவரிடம் அனுமதி கேட்டு, சரியான அளவுக் கீயைப் போட்டு ட்ரஸ் ராடைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள். அனுமதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். பிறகு நான்கு கம்பிகளிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் பொறுமையாக வாசியுங்கள். எங்காவது ஒரு ஸ்வரம் மட்டும் சட்டென்று அணைந்தால் அந்த இடம் ஆயுள் முழுக்க அப்படித்தான் இருக்கும். இவ்வளவும் செய்ய மனமில்லை என்றால் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

புதியதானாலும் செட்டப், அதாவது கம்பி உயரத்தையும் கழுத்து வளைவையும் சரிசெய்யும் வேலை, செய்யாமல் வாசிக்க வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது கம்பி உயரமாகவே இருக்கும். குட்டை விரல் என்று நீங்கள் நினைக்கும் குறையில் பாதி அந்த உயரம்தான்.

ஒலிப்பலகை

மிக்சரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பேட்டரி இல்லாத பேஸை மிக்சரின் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகினால் ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். லைன் உள்ளீட்டின் மின்தடை பொதுவாக 10 கிலோ ஓம் அளவில் இருக்க, இத்தகைய பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவு வேண்டும் என்பதுதான் காரணம். கிட்டாரைக் குறை சொல்லி மாற்றிவிட்டுப் பிறகு இதை அறிந்தவர்கள் பலர். உங்கள் மிக்சரில் கிட்டாருக்கென்று தனிப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கிட்டாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும், மின்சாரத்தில் இயங்கும் ஆக்டிவ் வகை டி.ஐ. பெட்டி ஒன்று தேவைப்படும், 25,000 ரூபாயில் முதலில் அதற்குத்தான் ஒதுக்க வேண்டும்.

உள்ளேயே பேட்டரியும், ஒலியை வலுவாக்கும் ப்ரீஆம்பும் கொண்ட பேஸ் வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கிட்டாரிலிருந்து கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்து, ஞாயிறு காலை ஆராதனையின் நடுவில் ஒலி கரகரத்து நின்றுவிடும். இன்னொன்று, வீட்டில் பயிற்சிக்கென்று யாரிடமாவது சாதாரண கிட்டார் ஆம்பை இரவல் வாங்கினால் ஒலியைக் குறைவாகவே வையுங்கள். அதன் கூம்பு பேஸுக்காகச் செய்யப்பட்டதல்ல, கூட்டினால் கிழிந்துவிடும்.

உப்பளத்தான்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை கீபோர்டில் அந்தச் சோதனையைச் செய்தோம். தாழ்ந்த இ ஃப்ளாட்டை ஆர்கன் ஐயாவின் பேரன் அழுத்த, நானும் ஐயாவும் கடைசி வரிசையில் நின்றோம். ஒலிபெருக்கியின் முன்வலை சடசடத்தது, ஸ்வரம் என்று ஒன்றும் வந்து சேரவில்லை. மேல் இ ஃப்ளாட் மணிபோல் கேட்டது. ஐயா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, நாலே வாங்கு” என்றார்.

மிக்சரில் கிட்டாருக்கான பொத்தான் இல்லை. எனவே டி.ஐ. பெட்டிக்கும் செட்டப்புக்கும் பணத்தை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு எது அடங்குகிறதோ அதைப் புதிதாக வாங்க முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தூரம்தான். அக்குஸ்டிக் கிட்டாரின் கம்பிகளே இரண்டு மாதத்தில் துருப்பிடித்துவிடுகின்றன. பேஸ் கம்பியோ அதைவிடப் பல மடங்கு விலை.

பழையகம்பி

தம்பி, வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியைக் கம்பிக்கு அடியிலும் நுழைத்துத் துடையுங்கள். துரு அடிப்பக்கத்தில்தான் தொடங்கும். கிட்டாரைச் சுவரில் மாட்டாமல் உறைக்குள் வைத்து, மருந்துப் புட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நாலைந்தைப் போட்டு ஜிப்பை மூடுங்கள். முதல் செட் தேய்ந்ததும், மேலே தட்டையான இழை சுற்றிய ஃபிளாட்வவுண்ட் கம்பிக்கு மாறிவிடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் வியர்வையும் அழுக்கும் தங்க இடமில்லை, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962 பிரிசிஷனில் ஃபிளாட்வவுண்ட் கம்பியைத்தான் வைத்திருந்தார். அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பார்கள். பாமாலைக்கும் அந்த உருண்டை ஒலி பொருந்தும். கம்பி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள், கழுத்து அசையாமல் இருக்கும்.