சுதந்திர சதுக்க ஆர்கேட் முன்பு மனநோய் ஆஸ்பத்திரியா? ஏன் மூடினார்கள்?

கறுவாத்தோட்டம்7

சுதந்திர சதுக்கத்து ஆர்கேட் கட்டடம் வெள்ளைக்காரர் காலத்து விசராஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு மேல் கேட்டால் ஆளுக்கொரு கதை. பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதவேண்டியிருப்பதால் மூன்று விடயங்களில் தெளிவு தேவை.

ஒன்று, விக்டோரியா காலத்து மனநோய் ஆஸ்பத்திரி எப்படிக் கட்டப்பட்டது, எப்படி நடந்தது? இரண்டு, இங்கிலாந்தில் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிகளை எப்படி ஒவ்வொன்றாக மூடினார்கள்? கொழும்பிலும் நடந்தது அதேதானா? மூன்று, பழைய பதிவேடுகளை எங்கே பார்க்கலாம்? பேய்க்கதைகள் வேண்டாம், அவை ஏற்கனவே நிறையக் கிடைத்துவிட்டன.

பொரளைச்சந்தி

முதலில் கொழும்புக் கதையை வரிசைப்படுத்துகிறேன், பலரும் குழப்புவது இங்கேதான்.

இலங்கையில் இதற்கான முதல் சட்டம் 1839-இல் வந்தது. அதற்கு முன் மனநோயாளர்களை ஹெந்தளைத் தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் சிறைகளிலும்தான் வைத்திருந்தார்கள். 1847-இல் பொரளையில் தனி ஆஸ்பத்திரி வந்தது. அது நிரம்பி வழிந்தபின், 1880களில் கறுவாத்தோட்டத்தில் ஜாவத்தைப் பக்கமாகப் பெரிய கட்டடம் எழுந்தது. நீங்கள் கேட்கும் கட்டடம் அதுதான். இடையில் 1873-இன் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்து, ஒருவரை உள்ளே அனுப்பும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்திடம் கொடுத்தது. இன்றைய உளநோய்கள் கட்டளைச் சட்டத்தின் முதுகெலும்பு இன்னும் அந்த 1873 சட்டம்தான். பெயர் மாறியது 1956-இல்.

கறுவாத்தோட்டமும் நிரம்பியது. 1920களில் அங்கொடைக்கு இடம் மாற்றினார்கள். பழைய கட்டடத்துக்குள் அரச காரியாலயங்கள் வந்தன, அவற்றில் கணக்காய்வாளர் நாயகம் திணைக்களமும் ஒன்று. கடைத்தொகுதியாகத் திறந்தது 2014-இல்.

ஆக, கொழும்பில் நடந்ததை மூடல் என்று எழுதாதீர்கள். நிரம்பியபோதெல்லாம் நகரத்துக்கு வெளியே இன்னொன்று கட்டி ஆட்களைக் கொண்டுபோனார்கள். பொரளை, கறுவாத்தோட்டம், அங்கொடை, பிறகு 1950களின் இறுதியில் முல்லேரியா. ஒவ்வொரு தடவையும் காரணம் நெரிசல்தான். அங்கொடை திறந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள், 1937-இல், லண்டன் மோட்ஸ்லி ஆஸ்பத்திரியின் எட்வர்ட் மாபொதரை அழைத்து ஆலோசனை கேட்கும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது.

தண்ணீர்த்தாங்கி

கட்டட விடயம் என் பங்கு.

இங்கிலாந்தில் 1845 சட்டம் ஒவ்வொரு கவுண்டியும் (அங்கத்தைய மாவட்டம்) மனநோய் ஆஸ்பத்திரி கட்டியே ஆகவேண்டும் என்றது. வரைபடம் அநேகமாக ஒரே மாதிரி. நடுவில் நிர்வாகம், சமையலறை, பொது மண்டபம். ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். பெண்கள் பக்கத்தில் சலவைக்கூடம், ஆண்கள் பக்கத்தில் பட்டறைகளும் பண்ணையும். நோயாளிகளின் உழைப்பு இல்லாமல் அந்த வரவுசெலவு நிமிராது, அதனால்தான் இந்த அமைப்பு. ஒவ்வொரு வாட்டுக்கும் சுவர் சூழ்ந்த உலாவும் முற்றம் உண்டு. சுவரின் உட்பக்கம் பள்ளம் வெட்டியிருப்பார்கள். உள்ளே நிற்பவருக்கு ஏற முடியாத உயரம், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கோ தாழ்ந்த சுவர். பார்வையை மறைக்காமல் ஆளை மட்டும் மறிக்கும் தந்திரம்.

ஜன்னலைக் கவனியுங்கள். மேலும் கீழும் நகரும் சட்டம் ஐந்து அங்குலத்துக்கு மேல் திறக்காதபடி கட்டை அடித்திருப்பார்கள். கண்ணாடிக்கு இடையிலான சட்டங்கள் மரம்போல் வர்ணம் பூசிய இரும்பு. சிறைக் கம்பி போட்டால் சிறைபோலத் தெரியும், இப்படிப் போட்டால் வீட்டு ஜன்னல்போலத் தெரியும். உயரத்தில் நிற்கும் தண்ணீர்த்தாங்கி அழகுக்கு அல்ல. நெருப்புப் பிடித்தால் கூரை உயரத்துக்குத் தண்ணீர் பாய அழுத்தம் வேண்டும்.

அந்த நெருப்புப் பயம் வீண்பயமல்ல. வடலண்டனில் கோல்னி ஹாட்ச் 1851-இல் திறந்தது, 1,250 பேருக்கென்று கட்டியது. அதன் நடைபாதைதான் பிரித்தானியாவிலேயே நீளமானது என்பார்கள். சொந்தக் கிணறு, எரிவாயு ஆலை, பண்ணை, தேவாலயம், இடுகாடு எல்லாம் வளவுக்குள்ளேயே. ஆட்தொகை ஏற ஏற, கல்லில் கட்டக் காசில்லாமல் மரமும் தகரமும் கொண்டு தற்காலிக வாட்டுகள் போட்டார்கள். 1903 ஜனவரி 27 அதிகாலை அந்த மரக்கட்டடம் பற்றியெரிந்து 50க்கு மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். தற்காலிகம் என்று போட்டது வருடக்கணக்கில் நிரந்தரமாகிவிடுவது இந்த ஆஸ்பத்திரிகளின் தீராத வியாதி.

நடத்திய விதத்தில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. லண்டனுக்கு அருகே ஹான்வெல் மனநோய் ஆஸ்பத்திரியில் வைத்தியர் ஜோன் கொனொலி 1839-இல் சங்கிலி, கைவார், கட்டும் நாற்காலி எல்லாவற்றையும் நிறுத்தினார். அதற்குப் போதிய பணியாளர் வேண்டும். பணியாளர் குறைந்து நோயாளர் கூடிய இடங்களில் பூட்டிய கதவும் தனியறையும் அந்த வேலையைச் செய்தன.

வாட்டுப்பதிவேடு

மூடியது எப்படி என்ற கேள்விக்கு எல்லோரும் 'மருந்து வந்தது, மூடினார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து உள்நோயாளர் தொகை உச்சத்தைத் தொட்டது 1954-இல், ஏறத்தாழ 1,48,000. குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து பாரிஸில் முதலில் கொடுக்கப்பட்டது 1952-இல். ஆனால் நொட்டிங்ஹாமின் மாப்பர்லி ஆஸ்பத்திரி அந்த மருந்து பரவுவதற்கு முன்பே, 1952க்குள், எல்லா வாட்டுக் கதவுகளையும் திறந்துவிட்டது. ஆகவே மருந்தோடு கூட நிர்வாக மனநிலையும் மாறியது. 1959 சட்டம் ஒருவர் எந்த ஆவணமும் இல்லாமல், சாதாரண நோயாளிபோல வந்து போக வழிசெய்தது. 1961 மார்ச்சில் சுகாதார அமைச்சர் ஈனொக் பவல், பதினைந்து வருடத்தில் பாதிப் படுக்கைகள், அதாவது 75,000, தேவைப்படாது என்று பேசினார். பேசிவிட்டார், ஆனால் பெரிய ஆஸ்பத்திரிகள் வரிசையாக மூடியது 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். கால் நூற்றாண்டுத் தாமதம்.

தாமதம் ஏன் என்பதுதான் கட்டுரைக்கு வேண்டிய இடம். கோல்னி ஹாட்சையே எடுங்கள். 1937-இல் பெயர் ஃப்ரையர்ன் ஆனது. 1983-இல் மூடத் தீர்மானித்தார்கள். கடைசியாக மூடியது 1993-இல். அந்தப் பத்து வருட வேலை ஏறத்தாழ இந்த ஒழுங்கில் நடந்தது. முதலில் பொது ஆஸ்பத்திரிகளில் அவசர மனநல வாட்டு திறக்கவேண்டும். அது திறக்கும்வரை புதிய அனுமதியை நிறுத்த முடியாது. பிறகு நீண்டகாலம் தங்கியவர்களை ஒவ்வொருவராக மதிப்பிட வேண்டும். ஒருவரை ஒருவர் அறிந்தவர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, ஒரு வீடு, அதற்குப் பணியாளர், அதன்பின்தான் இடமாற்றம். ஒவ்வொரு நோயாளியோடும் ஒரு தொகைப் பணமும் அவரை ஏற்கும் பகுதிக்குப் போகும். அங்கே அதைச் சீதனம் என்றே அழைத்தார்கள்!

சிக்கல் கணக்கில்தான். 2,000 பேர் இருந்த இடத்தில் 400 பேர் மிஞ்சினாலும் கொதிகலன் ஒன்றுதான், நீராவிக் குழாய் முழு நடைபாதைக்கும் ஓடவேண்டும், கூரை முழுவதும் ஒழுகும். ஆள் குறையக் குறைய ஒரு ஆளுக்கான செலவு ஏறும். வெளியே வீடுகளுக்கும் அதே நேரத்தில் காசு கொட்டவேண்டும். வளவை விற்று வரும் பணமோ எல்லோரும் போனபின்தான் கைக்கு வரும். இந்த இரட்டைச் செலவுக்கு முன்கூட்டியே ஒதுக்காத இடங்களில் வேலை நடுவழியில் நின்றது.

இன்னொன்று. சுலபமாகச் சமாளிக்கக் கூடியவர்கள் முதலில் வெளியேறுவார்கள். கடைசி வாட்டில் மிஞ்சுவது யாரும் ஏற்கத் தயங்குபவர்கள். அதே நேரம் அனுபவமுள்ள தாதியர் எதிர்காலம் இல்லாத இடத்தை விட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். வாட்டுகளை ஒன்றோடொன்று சேர்ப்பதால் வயதானவர்கள் இரண்டு மூன்று தடவை இடம் மாறுவார்கள். மிகவும் கவனம் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைந்த கவனிப்பு.

ஆனாலும் முடிவு மோசமில்லை. ஃப்ரையர்ன், இன்னொரு லண்டன் மனநோய் ஆஸ்பத்திரியான கிளேபரி இரண்டிலிருந்தும் போனவர்களை மனநல வைத்தியர் ஜூலியன் லெஃப் தலைமையிலான குழு வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தது. தெருவுக்கு வந்தவர்கள் மிகச் சிலர். நோய்க்குறிகள் பெரிதாக மாறவில்லை, ஆனால் நட்பும் சுதந்திரமும் கூடின. பெரும்பாலானோர் திரும்பிப்போக விரும்பவில்லை. அடிபட்டது வேறிடம்: புதிதாக நோய் வருபவர்களுக்கான அவசர வாட்டுகளில் படுக்கை போதவில்லை. 'நோயாளிகளைத் தெருவில் விட்டார்கள்' என்று பத்திரிகைகள் எழுதியதை அப்படியே எடுத்துப் போடவேண்டாம்.

ஃப்ரையர்ன் கட்டடம் இப்போது சொகுசு அடுக்குமாடி. கறுவாத்தோட்டக் கதையோடு சேர்த்து எழுதலாம்.

கறுவாத்தோட்டம்7

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் அங்கொடையையும் இதே மாதிரி மூடலாம்தானே? ஏன் மூடவில்லை?

பொரளைச்சந்தி

'இதே மாதிரி' என்றால் மேலே சொன்ன முதல் படி இருக்கவேண்டும், மாவட்டந்தோறும் அவசர வாட்டு. 2005 மனநலக் கொள்கை அதைத்தான் முன்வைத்தது: மாவட்டத்துக்கு ஒரு அவசர சிகிச்சைப் பிரிவு, இடைநிலைப் புனர்வாழ்வு நிலையங்கள், கீழ்மட்டத்தில் மனநலத்துக்கான வைத்திய உத்தியோகத்தர்கள். வடக்கில் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இந்த வகையில்தான் வரும். அங்கொடை 2008-இல் தேசிய மனநல நிறுவகமாகி, பயிற்சிக்கும் சிறப்புச் சிகிச்சைக்குமான இடமாகவும் நிற்கிறது. கையொப்பத்தால் மூடிவிடலாம். வெளியே போகிறவருக்கு வீடு யார் கொடுப்பது, மருந்து யார் பார்ப்பது என்பதற்கு அந்தக் கையொப்பம் உதவாது.

சுவடிக்கூடம்

பதிவேடுகள். கொழும்பில் தொடங்குங்கள், உங்களுக்கு நடந்து போகும் தூரம்தான். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இலங்கை நிர்வாக அறிக்கைகளையும் நீலப் புத்தகங்களையும் (குடியேற்ற அரசின் வருடாந்தப் புள்ளிவிபரத் தொகுப்பு) வருடவாரியாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரி அறிக்கை தனியாக இல்லையென்றால், பிரதம சிவில் வைத்திய அதிகாரியின் அறிக்கைக்குள் தேடுங்கள். அனுமதி, விடுவிப்பு, இறப்பு ஆகியவை அட்டவணையாக இருக்கும்.

லண்டன் தேசிய சுவடிக்கூடத்தில் குடியேற்ற நாட்டு அலுவலகக் கோப்புகளை சி.ஓ. என்ற இலக்கத்தில் கேட்கவேண்டும்: இலங்கை ஆளுநர் கடிதங்கள் சி.ஓ. 54, அமர்வுப் பத்திரங்கள் சி.ஓ. 57, நீலப் புத்தகங்கள் சி.ஓ. 59. ஆஸ்பத்திரி கட்டச் செலவு கேட்டு எழுதிய கடிதம் 54-இல்தான் கிடைக்கும். ஆண்டை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாகம் பாகமாகப் புரட்டி நாள் போய்விடும்.

இங்கிலாந்து நோயாளி ஒருவரைத் தேடுவதென்றால் அதே சுவடிக்கூடத்தின் எம்.எச். 94 தொகுதி, 1846 முதல் 1960 வரை அனுமதிப் பதிவேடு. பெயர், ஆஸ்பத்திரி, சேர்ந்த திகதி, வெளியேறிய அல்லது இறந்த திகதி. அவ்வளவுதான். நோய் விபரம் அதில் இராது, அது ஆஸ்பத்திரியின் வழக்குப் புத்தகத்தில் (ஒவ்வொரு நோயாளியின் வைத்தியக் குறிப்பும் எழுதும் புத்தகம்). கோல்னி ஹாட்ச் புத்தகங்கள் லண்டன் சுவடிக்கூடத்தில் (2024 வரை அதன் பெயர் லண்டன் மெட்ரோபொலிட்டன் சுவடிக்கூடம்), நூறு வருடம் பூட்டு, அதற்குள் பார்க்க விடமாட்டார்கள். வழக்குப் புத்தகத்தில் முதல் மாதக் குறிப்புகள் அடர்த்தியாக இருக்கும், பிறகு 'மாற்றமில்லை' என்ற ஒற்றை வரியாகத் தேயும். முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்துவிட்டு வராதீர்கள், இறப்புக் குறிப்பு கடைசியில், சிலவேளை அடுத்த புத்தகத்தில்.

கறுவாத்தோட்டம்7

தமிழ்ப் பெயர் ஒன்று வந்தால் எப்படித் தேடுவது?

சுவடிக்கூடம்

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ராமசாமி நாலு விதமாக வரும், தகப்பன் பெயர் விடுபட்டிருக்கும், தோட்டத்து ஆட்களுக்கு ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கலாம். பெயரை விட்டுவிட்டு திகதி, அனுப்பிய நீதிமன்றம், இனம் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1873க்குப் பிந்தியதென்றால் மாவட்ட நீதிமன்ற ஆவணம் தனியாக இருக்க வாய்ப்புண்டு, அதையும் அதே கோரிக்கைப் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். 'கொழும்பு ஆஸ்பத்திரி' என்று மட்டும் போட்டிருந்தால் பொரளையா கறுவாத்தோட்டமா என்று ஆண்டை வைத்துத்தான் பிரிக்கவேண்டும்.