புதுப்பிப்பு: தோசைக்கல்லில் சிக்கன் சீஸ் சாண்ட்விச், இப்போது சீஸ் உருகுகிறது

"பிரெட் கருகிடுது, உள்ளே சிக்கனும் சீஸும் ஜில்லுனே இருக்கு" என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, சிக்கனை முதலில் தனியாகச் சூடாக்கச் சொன்ன யோசனைதான். ஃப்ரிட்ஜில் இருந்த வெந்த சிக்கனை மெல்லிசாகப் பிய்த்து, ஈரம் வற்றும்வரை கல்லில் புரட்டினேன். பிரெட்டின் வெளிப்பக்கம் வெண்ணெய். உள்ளே சீஸ், சிக்கன், மறுபடி சீஸ். சிம்மில் வைத்து மூடிபோட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடம். கடைசியில் மூடியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆவியில் பிரெட் நமுத்துவிடும்.

எதிர்பாராதது: மொசரெல்லாவைவிட பாக்கெட் ஸ்லைஸ் சீஸ் சீராக உருகியது. அதில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பைப் பிரியவிடுவதில்லை. நூல் நூலாக இழுபட மொசரெல்லாதான் வேண்டும். அதனால் இப்போது இரண்டையும் வைக்கிறேன்.