கணினி விசைகளை அழுத்தி வாசிக்கும் திரைப் பியானோவில் உங்கள் மனத்தை இன்றும் உறுத்தும் அனுபவம் எது?

கோபிக்காரர்:
என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) அந்தியூர்ப் பக்கத்துப் பஜனை மடத்தில் பல ஆண்டுகள் ஆர்மோனியம் வாசித்தவர். துருத்தி கிழிந்து பெட்டி பரணுக்குப் போய்விட்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு அவர் வந்த ஓர் இரவில், கணினியில் பியானோ வைத்திருக்கிறேன், வாசித்துப் பாருங்கள் என்று உட்காரவைத்தேன். விசையைத் தொட்டதும் திரையில் கட்டை நிறம் மாறியது. ஒலி மட்டும் வரவில்லை. ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கி மறுபடியும் செருகினேன். பாட்டுப் போட்டால் கேட்டது, பியானோ மட்டும் ஊமையாகவே இருந்தது. அவர் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்து, ஒரு விரலால் அழுத்திக்கொண்டே, "மெதுவாக வருகிறதா, கண்ணு? எனக்குத்தான் கேட்கவில்லையோ?" என்று கேட்டார். மறுநாள் முதல் பேருந்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்த நிரல் தானாக ஒலி எழுப்பாது, அதனோடு வேறொன்றை இணைக்க வேண்டும் என்பது எனக்கு மூன்று வாரம் கழித்தே தெரிந்தது.

பல்லடத்தார்:
எனக்கு ஒலி வந்தது, ஆனால் நேரத்துக்கு வரவில்லை. தறிக்குடோனை ஒட்டிய அறைதான் எங்கள் வீடு. விசைத்தறியின் அடியே எனக்குத் தாளம். அதோடு சேர்த்து வாசிக்க முயன்றபோதெல்லாம் என் சுரம் ஒரு நூலிழை பிந்தியே விழுந்தது. விரலில்தான் குறை என்று நம்பி, ஒவ்வோர் அடிக்கும் சற்று முந்தியே அழுத்தப் பழகினேன். ஒலியை வெளியே விடுமுன் கணினி சேர்த்துவைக்கும் பஃபரின் அளவு 1024 மாதிரிகள் (ஒலியின் சிறு துணுக்குகள்) என்று இருந்ததை ஒருநாள் 256 ஆகக் குறைத்தேன். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் முன்பு 23 மில்லிநொடியாக இருந்த அந்தத் தாமதம் 6 மில்லிநொடிக்கும் கீழே வந்தது. ஒலி சரியாகிவிட்டது, என் விரல் மட்டும் இன்றும் முந்துகிறது. உண்மையான கீபோர்டில் உட்கார்ந்தாலும் முந்துகிறது.

காங்கேயத்தார்:
எங்கள் ஊர்க் கோயிலில் அண்ணன்மார் கதை நடக்கும் நாள்களில், பகல் பொழுதில் மண்டபம் காலியாக இருக்கும். அங்கே மடிக்கணினியை ஒலிபெருக்கியோடு இணைத்து ஆர்கன் ஒலியில் பழகிக்கொண்டிருந்தேன். ஒரு விசையை அழுத்தியபடியே வேறு சாளரத்தைச் சொடுக்கிவிட்டேன். விரலை எடுத்த செய்தி நிரலுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு சுரம் நிற்காமல் ஒலித்தது. பதறிப்போய் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தபோது, தூணோரம் படுத்திருந்த உடுக்கையடிப் பாட்டுக்காரப் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். உடுக்கையை எடுக்கவில்லை. கண்ணை மூடி, அந்தச் சுரத்தையே சுருதியாகக் கொண்டு, அண்ணன்மாரின் தங்கை தங்காள் அழும் இடத்தைப் பாடத் தொடங்கினார். இரவுகளில் அவர் பாடி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் குரல் அவ்வளவு இறங்கி, அவ்வளவு நிதானமாக வந்து நான் கேட்டதில்லை. அதற்குள் என் கை கணினியை அணைத்துவிட்டது. "ஏன் சாமி நிறுத்திவிட்டீர்கள்? அது எத்தனை கட்டை?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோவைக்காரர்:
கோபி நண்பர் நிரலைக் குறை சொல்வதை நான் ஏற்கவில்லை. இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில் ஓடுவது ஒலி அன்று, செய்தி. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தத்தோடு, எப்போது விடப்பட்டது என்பவை மட்டுமே எண்களாகப் போகும். விஎம்பிகே போன்ற திரைப் பியானோ நிரல் அந்தச் செய்தியை எழுதி அனுப்புகிறது. அதைப் படித்து ஒலியாக்க ஒரு சிந்தசைசர் வேண்டும். விண்டோஸில் அதற்கென ஒன்று உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் ஃப்ளூயிட்சிந்த் என்ற சிந்தசைசரை நிறுவி, அதற்குக் கருவிகளின் ஒலிகள் அடங்கிய சவுண்ட்ஃபாண்ட் கோப்பு ஒன்றைக் கொடுத்து, இரண்டையும் இணைக்க வேண்டும். காங்கேயத்து நண்பர் கணினியை அணைத்திருக்கவே வேண்டாம். இத்தகைய நிரல்கள் பலவற்றில் 'பேனிக்' என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் போகும் 123-ஆம் கட்டுப்பாட்டுச் செய்தி எல்லாச் சுரங்களையும் நிறுத்திவிடும். பெரியவர் கேட்ட சுருதிக் கட்டையைக் கண்டுபிடிப்பதும் எளிது. பெரும்பாலான நிரல்களில் கீழ்வரிசையின் இசட் விசை 'சி' சுரம், அதாவது ஒரு கட்டை; எஸ் ஒன்றரை, எக்ஸ் இரண்டு, டி இரண்டரை, அடுத்த சி விசை மூன்று, வி நான்கு, பி ஐந்து. என் அனுபவம் சிறியது. தேவாலயப் பாடற்குழுவுக்காக வீட்டில் பழகியபோது, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில சேர்க்கைகளில் ஒன்று ஒலிக்காமலே போகும். விலை குறைந்த விசைப்பலகைகளின் மின்சுற்று சில மும்மைகளைப் பிரித்தறியாது என்பதை அறியாமல், என் காதையே ஓராண்டு சந்தேகித்தேன். ஆகவே எல்லாரும் பழைய 25 கட்டை மிடி கீபோர்டு ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. அதில் அழுத்தத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும். கணினி விசையிலோ எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒரே அளவுதான்.

உடுமலையார்:
25 கட்டை வாங்கினாலும் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பது, வராது என்பதைக் கோவை நண்பர் விட்டுவிட்டார். தோடியின் காந்தாரத்தை நான் திரைப் பியானோவில் வாசித்தபோது, பக்கத்து அறையிலிருந்த என் குருநாதர் எழுந்து வந்து, எதுவும் பேசாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். பிறகுதான் ஒலிக்கும் சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்டைப் பழகினேன். 0 முதல் 16,383 வரை போகும் அளவில் 8,192 என்பது நடுநிலை. வழக்கமான அமைப்பில் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வளையும். வலக்கை கட்டையில், இடக்கை வளைவில் என்று எட்டு மாதம் உழைத்து, காந்தாரத்தை ஓரளவு அசைக்கிறேன். அவர் முன் இன்னும் வாசிக்கவில்லை.

கோபிக்காரர்:
கோவை அண்ணாவுக்கு: நான் நிரலைக் குறை சொல்லவில்லை. இணைக்க வேண்டும் என்பதை அந்த இரவிலேயே அறியாமல் போனேனே என்பதுதான் என் வருத்தம். "எனக்குத்தான் கேட்கவில்லையோ" என்று அவர் கேட்டபோது, இல்லை என்று கூட நான் சொல்லவில்லை; கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒலி வருகிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மடிக்கணினியை எடுத்துப் போகிறேன்.

காங்கேயத்தார்:
கோவை நண்பரின் விசைக் கணக்குக்கு நன்றி. அன்று அந்த விசையை அழுத்தியிருந்தது இடக்கை மோதிரவிரல் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த விரல் விழக்கூடியது எஸ் அல்லது எக்ஸ் விசையில்தான். அப்படியானால் ஒன்றரைக் கட்டை, இல்லாவிட்டால் இரண்டு. இரண்டையும் அழுத்திக் காட்டினால் எது என்று பெரியவர் சொல்லிவிடுவார். அடுத்த நோம்பிக்கு அவர் வருகிறார்.