தொப்பி விளிம்பில் நெடுக்குக் கோடுகள் மறைந்து புள்ளிகள் தோன்றுவது ஏன்?

கேள்வி (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். நுவரெலியாவில் வசிக்கும் அக்காவின் கைக்குழந்தைக்குத் தொப்பி பின்னுகிறேன். 4.5 மில்லிமீற்றர் ஊசிகளில் 60 கண்ணிகள் (நூல் வளையங்கள்) ஏற்றி, ஒவ்வொரு வரிசையையும் ஒரு நிட் (வழுவழுப்பாகத் தெரியும் கண்ணி), ஒரு பர்ல் (குறுக்கே திரட்சியாகத் தெரியும் கண்ணி) என்ற ஒழுங்கில் பின்னிவருகிறேன். முதற் சில வரிசைகளில் நெடுக்குக் கோடுகள் அழகாக எழுந்தன. பின்னர் அவை மறைந்து மணிமணியாகப் புள்ளிகள் தெரிகின்றன. ஆங்காங்கே ஓட்டைகளும் உள்ளன. இழுத்துவிட்டால் விளிம்பு பழையபடி சுருங்குவதில்லை. புறக்கோட்டையில் வாங்கிய பருத்தி நூலையே பயன்படுத்துகிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (தெஹிவளை)

தங்கச்சி, முதலில் ஊசியிலுள்ள கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒற்றைப்படையாக இருக்கும். நிட் போடும்போது நூல் பின்புறத்திலும் பர்ல் போடும்போது முன்புறத்திலும் நிற்க வேண்டும். அதை இரண்டு ஊசிகளுக்கும் இடையால் கொண்டுவராமல் ஊசியின் மேலாகக் கொண்டுவந்தால் ஒரு சுற்று கூடுதலாக விழும். அடுத்த வரிசையில் அதுவும் கண்ணியாகிவிட, அதன் கீழே ஓட்டை தோன்றும். ஒரு பக்கத்தில் நிட்டாகத் தெரியும் கண்ணி மறுபக்கத்தில் பர்லாகத் தெரியும். அதனால் எண்ணிக்கை ஒற்றைப்படையானதும், நிட்டில் தொடங்கும் ஒவ்வொரு வரிசையும், முன்பக்கத்திலிருந்து பார்க்கையில், நிட்டின் மேல் பர்லையும் பர்லின் மேல் நிட்டையும் வைத்துக்கொண்டே போகும். நீங்கள் காணும் புள்ளிகள் அவைதான்.

ஆகவே, ஒழுங்கை வாய்க்குள் சொல்லிக்கொண்டு பின்னுவதைவிட, இடக்கை ஊசியிலுள்ள கண்ணியைப் பார்த்துப் பின்னுங்கள். கழுத்தில் சால்வை சுற்றியதுபோலக் குறுக்கே திரட்சி தெரிந்தால் பர்ல். இரண்டு கால்களும் வழுவழுப்பாகக் கீழே கூடினால் நிட். இது கண்ணுக்குப் பழகிவிட்டால் எந்தப் பின்னலும் உங்களை ஏமாற்றாது.

பதில் 2 (கொட்டாஞ்சேனை)

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் கோடுகள் நேராகிய பின்னும், இந்த நூலில் முழுமையான சுருக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம். நிட் நெடுக்குக் கோடுகள் முன்னே வந்து பர்ல் நெடுக்குக் கோடுகள் பின்னே ஒதுங்குவதால் துணி தானாகவே மடிந்து ஒடுங்குகிறது. இழுத்தால் அந்த மடிப்பு விரிகிறது. மீண்டும் ஒடுங்க நூலிலும் துள்ளல் வேண்டும். கம்பளிக்கு அது இயல்பாகவே உண்டு, பருத்திக்கு மிகக் குறைவு. மலைக்குளிருக்கும் மென்மையான கம்பளியே ஏற்றது என்பது என் கருத்து. விளிம்பை மட்டும் 4 மில்லிமீற்றர் ஊசியில் பின்னிவிட்டு, உடற்பகுதிக்கு 4.5 க்கு மாறுங்கள். முதல் வரிசையை ஏற்றும்போது கண்ணிகளை நெருக்கி இறுக்க வேண்டாம். அந்த ஓரம் இறுகினால் மேலே எவ்வளவு நெகிழ்வு இருந்தும் தொப்பி தலையில் இறங்காது.

கேள்வி கேட்டவர்

எண்ணிப் பார்த்தேன், 63 கண்ணிகள் இருக்கின்றன. இருவருக்கும் மிக்க நன்றி. பிரித்துவிட்டு, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று தொடங்கலாமா?

பதில் 1 (தெஹிவளை)

தாராளமாகத் தொடங்கலாம். அதற்கு நான்கால் மீதியின்றி வகுபடும் எண்ணிக்கை வேண்டும், 60 பொருந்தும். நூலை முன்னும் பின்னும் மாற்றும் வேலையும் பாதியாகக் குறைவதால், புதிதாகப் பழகும் கைக்கு அது இலகுவாகவே இருக்கும்.