மோட்டார் ஓடுகிறது, குழவி உடைந்திருக்கிறது, புகார் "தீர்க்கப்பட்டது": இனி என்ன செய்வது?

மன்னை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் பழைய கிரைண்டர் பத்தொன்பது வருஷம் உழைத்துவிட்டுப் போன மாதம் நின்றுபோனது. மன்னார்குடி கடைத்தெருவில் 2 லிட்டர் டேபிள் டாப் 4,900 சொன்னார்கள். அதே மாடல் ஆன்லைனில் 4,349. ஐந்நூற்றுச் சொச்சம் மிச்சமாகிறதே என்று நான்தான் ஆர்டர் போட்டேன். மாமியாருக்கு அதில் இஷ்டமே இல்லை. "கடையில வாங்கினா, சரியில்லைன்னா போய்ச் சண்டை போட ஒரு ஆள் உக்காந்திருப்பான். இதுல யாரைப் போய்க் கேப்பே?" என்றார். அப்போது சிரித்தேன்.

3-ம் தேதி வந்தது. செய்தது கோயம்புத்தூரில், பில்லில் விற்றவர் முகவரி ஹரியானாவில். எந்தெந்த ஊர் சுற்றிவிட்டு வந்ததோ, பெட்டி என்னவோ நசுங்காமல்தான் இருந்தது. புதுக் கிரைண்டர் என்றால் முதல் ஈடு அரைத்துக் கொட்டுவதுதானே வழக்கம்? ரேஷன் அரிசியை ஊறப்போட்டு அரைத்தோம். மாவு சாம்பல் நிறத்தில் வந்தது, கொட்டினோம். இரண்டாவது ஈட்டையும் கொட்டினோம். மூன்றாவதுதான் இட்லிக்கு. முதல் வாயிலேயே நறநற. குழவியைக் கழற்றி ஒவ்வொன்றாக விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தால், மூன்றில் ஒன்றில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த இடம் மட்டும் சொரசொரவென்று வெளுத்துக் கிடந்தது. அந்தச் சில்லு எங்கே போனது என்று கேட்காதீர்கள், அன்றைக்கு நான்கு பேர் இட்லி சாப்பிட்டோம்.

6-ம் தேதியே புகார் கொடுத்துவிட்டேன். பத்து நாளுக்குள் மாற்றித் தருவோம் என்பது அவர்கள் விதி, அதாவது 13 வரை. சாட்டில் முதலில் இயந்திரம் பேசியது. அப்புறம் ஒரு மனிதர் வந்து "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று மூன்று தடவை எழுதினார். டெக்னீஷியன் வந்து பார்த்தால்தான் மாற்றுவார்களாம். 9-ம் தேதி அரை நாள் லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. சாயங்காலம் மெசேஜ்: "வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி வருகை தள்ளிவைக்கப்பட்டது." நான் எங்கே கேட்டேன்? 12-ம் தேதியும் அதே கதை. 14-ம் தேதி வந்தார். சுவிட்சைப் போட்டார், ஓடியது, போட்டோ எடுத்தார். குழவியைக் காட்டினேன். "ஆமாம்மா, உடைஞ்சிதான் இருக்கு" என்று அவரே சொன்னார். ராத்திரி மெசேஜ் வருகிறது: "மோட்டார் சரியாக இயங்குகிறது. புகார் தீர்க்கப்பட்டது." மோட்டார் ஓடவில்லை என்று யார் சொன்னது? திரும்பவும் சாட்டுக்குப் போனால், மாற்றித் தரும் கெடு 13-ம் தேதியோடு முடிந்துவிட்டது என்கிறார்கள்.

பேசுவதற்கு ஒரு நம்பர் அந்த ஆப்பில் என் கண்ணில் படவில்லை. கூகுளில் தேடி எடுத்த நம்பரில் முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். அதுவே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. பணம் திரும்ப வர இன்னொரு ஆப்பை இறக்கச் சொன்னதும் போனை வைத்துவிட்டேன்.

இந்தப் பணத்துக்கு இவ்வளவு அலையணுமா என்கிறார் வீட்டுக்காரர். வழி ஏதாவது இருக்கிறதா, இல்லை விட்டுவிட வேண்டியதுதானா?

பழைய பில்:

டீச்சர், அந்த ஆப்பை இறக்காமல் விட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். உங்கள் போன் திரையை அங்கிருந்து பார்ப்பதற்கான ஆப்பாகத்தான் இருக்கும். என் தம்பி இப்படித்தான் 18,000 ரூபாயை விட்டான். இதைப் படிக்கிற யாருக்காவது பணம் போயிருந்தால் அந்த நிமிஷமே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள்.

இப்போது கிரைண்டர். சாட்டை விடுங்கள், அங்கே இருப்பவர்களால் ஒன்றும் முடியாது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளம் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருக்கும், தேடுங்கள். புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பத்து நாள் கெடு அவர்களாக வைத்துக்கொண்டது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது.

மெயிலில் கோபத்தை எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள். 3 வந்தது, 6 புகார், 9-லும் 12-லும் ஆள் வரவில்லை, 14 வந்தார். கெடுவைத் தாண்டவிட்டது யார் என்பது தானாகவே தெரிந்துவிடும். குழவி போட்டோ, அந்த "தள்ளிவைக்கப்பட்டது" மெசேஜ் எல்லாவற்றையும் இணையுங்கள். அனுப்பிவிட்டு 1915-க்கும் கூப்பிடுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம், புகார் எண் தருவார்கள். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். ஆனால் அந்த வழியாகப் போகிற புகார் கம்பெனியில் வேறு மேஜைக்குப் போகிறது, இது என் அனுபவம்.

ஆடித் தள்ளுபடி:

551 ரூபாய்க்கு ஆசைப்பட்டால் இப்படித்தான். கடையில் வாங்கியிருக்கலாம்.

மன்னை டீச்சர்:

@ஆடித் தள்ளுபடி, என் மாமியார்தான் இங்கே அக்கவுண்ட் ஆரம்பித்துவிட்டாரோ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன்.

ஸ்பேனர் தம்பி:

அக்கா, நானும் சர்வீஸ் வேலையில் இருக்கிறவன்தான், வேறு மாவட்டம். எங்கள் பக்கக் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்பது பத்து வீடு ஒதுக்குவார்கள். ஆறுக்கு மேல் முடியாது. மிச்சத்தை "வரவில்லை" என்று போட்டால் என் மேல் கறுப்புப் புள்ளி விழும், "வாடிக்கையாளர் தள்ளிவைத்தார்" என்று போட்டால் விழாது. எந்தப் பட்டனை அமுக்குவேன் என்று நீங்களே சொல்லுங்கள். தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்றுதான் எனக்குக் கூலி.

அப்புறம், எங்கள் ஆப்பில் கிரைண்டருக்கு வரும் கேள்விகள்: பவர் வருகிறதா, மோட்டார் ஓடுகிறதா, சத்தம், ஒயர். கல்லைப் பற்றிக் கேள்வியே இல்லை! அந்தத் தம்பி பொய் எழுதவில்லை, கேட்டதற்கு மட்டும் எழுதியிருக்கிறார். கீழே குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கும். அடுத்த தடவை யார் வந்தாலும் அதில் "குழவி உடைந்துள்ளது" என்று எழுத வைத்து, உங்கள் போனில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் ஓடிபி சொல்லாதீர்கள். ஓடிபி சொன்னால் நீங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

இன்னொன்று. குழவி செட் தனியாகவே கிடைக்கும். ஆனால் இந்தப் பஞ்சாயத்து முடிகிறவரை வாங்கி மாட்டிவிடாதீர்கள், நீங்களே கழற்றி மாற்றிவிட்டீர்கள் என்பார்கள்.

வாய்தா:

நான் கட்டில் வாங்கி நுகர்வோர் ஆணையம் வரை போய் வந்தவன், அதனால் சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் ஹரியானாவில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் திருவாரூருக்குப் போனால் போதும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, நானே பேசினேன். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை. விற்றவர், தளம் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர் மேல் கையைக் காட்டுவார்.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. எதிர்த்தரப்புக்காரர் சென்னையிலிருந்து காரில் வந்து வாய்தா வாங்கிக்கொண்டு போவார், அவர் பெட்ரோல் செலவுக்கே என் கட்டிலில் பாதி வந்திருக்கும். கடைசியில் கட்டில் பணமும் செலவுத் தொகையும் கொடுத்தார்கள். 4,349-க்கு அது தேவையா என்றால், உடனே தேவையில்லை. முதலில் மெயில், 1915. ஒரு மாதம் பாருங்கள். மெயிலின் கடைசி வரியில் "தீர்வு இல்லையென்றால் திருவாரூர் மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன்" என்று மட்டும் போடுங்கள். ஊர் பெயரைப் போட்டால், இவருக்கு விவரம் தெரியும் என்று நினைப்பார்கள்.

மன்னை டீச்சர்:

நடந்ததைச் சொல்ல வந்தேன். எல்லோருக்கும் நன்றி, ஆடித் தள்ளுபடி உட்பட.

பழைய பில் சொன்னபடி தேதி வாரியாக மெயில், வாய்தா சொன்னபடி கடைசி வரி. 1915-லும் பதிந்தேன். ஆறாவது நாள் ஒரு அம்மா கூப்பிட்டார், இந்தியில் ஆரம்பித்து, நான் தமிழில் பதில் சொன்னதும் வேறொருவரிடம் கொடுத்தார். 500 ரூபாய் கூப்பன் தருகிறோம், புகாரை முடித்துக்கொள்ளலாமா என்றார்கள். கூப்பனைக் கிரைண்டரில் போட்டு அரைக்க முடியுமா என்று கேட்க வாய் வரை வந்தது. "வேண்டாங்க, பணம்தான் வேணும்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் சம்மதித்தார்கள்.

எடுத்துப்போக ஆள் வருவதாகச் சொன்ன முதல் நாள், வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கு வந்த மெசேஜ்: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை." ஸ்பேனர் தம்பியை நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் வந்த பையன் அசல் பெட்டி கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, அட்டையை எப்போதோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருப்போம் என்றே நினைத்திருந்தேன். மாமியார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ப் பரணைக் காட்டினார். பெட்டி, இரண்டு தெர்மாகோல், கிரைண்டரைச் சுற்றியிருந்த பாலிதீன் பை, எல்லாம் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். இவனிடம் குறிப்பில் "குழவி உடைந்துள்ளது" என்று எழுத வைத்து, படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஓடிபி சொன்னேன்.

நான்காம் நாள் 4,349 வந்துவிட்டது. நேற்று அத்தையும் நானும் கடைத்தெருவுக்குப் போனோம். இப்போது 4,950 சொல்கிறார்கள். கடைக்காரரைப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, டிரம்மைக் கவுண்டரில் வைத்து, மூன்று குழவியையும் வெளியே எடுத்து, அத்தை ஒவ்வொன்றையும் விரலால் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை.