செட்டில்மெண்ட் பத்திரத்தில் அந்த ஒரு வரி இல்லையென்றால் பெற்றோருக்கு வழியே இல்லையா?

காவிரிக்கரை:
பெற்றவர் பிள்ளைக்குச் சொத்து எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் பற்றி சார்பதிவு சார் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் கொடுத்ததுதான். மகன் கவனிக்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரி இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் படியேறுவதே வீண்" என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் மனுவே போடாமல் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள்? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. அதில் 23-ம் பிரிவு. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து கொடுத்து, வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகக் கருதி, ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கே இருக்கிறது?

சார்பதிவு:
தம்பி, நான் பதிவுத் துறையிலேயே முடி நரைத்தவன். உணர்ச்சியில் சட்டம் பேசாதீர்கள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஹரியானா வழக்கு. மகள்களுக்கு அம்மா விடுதலைப் பத்திரம் (தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்தார், பிறகு ரத்து கேட்டார். நிபந்தனை இருந்தது நிரூபணமாகாமல் 23-ம் பிரிவு வராது என்று தள்ளிவிட்டார்கள். பத்திரத்தில் அந்த வரியைக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

காவிரிக்கரை:
பாதித் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறீர்களே சார். அந்த வழக்கில் நிபந்தனை இருந்தது என்று அந்த அம்மா மனுவில்கூடச் சொல்லவில்லை. சொல்லவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லை. அதனால்தான் போனது. 2025 மார்ச்சில் நம் சென்னை உயர் நீதிமன்றம் நாகப்பட்டினம் வழக்கில் என்ன சொன்னது? அன்பினாலும் பாசத்தினாலும் பெற்றவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால், கடைசிவரை கவனிப்பார்கள் என்பது அதற்குள்ளேயே அடங்கிய நிபந்தனை. தனியாக எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆர்.டி.ஓ. ரத்து செய்தது சரி என்று தீர்ப்பு. உங்கள் ஒரு வரி இங்கே எங்கே போனது?

சார்பதிவு:
"பிரியத்தாலும் அபிமானத்தாலும்" என்பது எல்லாப் பத்திரத்திலும் வருகிற வாசகம். அதே பத்திரத்தில் கீழே "எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்றும் இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டது யார்? அந்த வரியைக் காட்டுங்கள்.

காவிரிக்கரை:
போட்டது யார் என்று கேட்கிறீர்கள். எழுதியது யார் என்று நான் கேட்கிறேன். 80 வயது அம்மா உட்கார்ந்து "எக்காரணம் கொண்டும்" என்று சொல்லச் சொல்லவா எழுதினார்கள்? ஆவண எழுத்தர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிற வாசகம் அது. பெயர், சர்வே நம்பர், நான்கு மால் (எல்லைகள்) மட்டும் மாற்றுவார்கள். பதிவுச் சட்டம் 38-ம் பிரிவின்படி உடல் தளர்ந்தவர் இருக்கும் இடத்துக்கே சார்பதிவாளர் போகலாம். நல்ல ஏற்பாடுதான். படுக்கையில் கிடப்பவரிடம் கைநாட்டு வாங்கும்போது "இதற்குப் பிறகு இந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை எழுதவில்லை, தெரியுமா பாட்டி" என்று உங்கள் துறையில் யாராவது கேட்டதுண்டா?

சார்பதிவு:
என் பணிக்காலத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு யோக்கியதை கிடையாது. போன மாதம் பட்டா விஷயத்தில் நான் உங்களைத் திருத்தினேன், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை போலிருக்கிறது. வரியைக் காட்டுங்கள்.

நெல்லை மருமகள்:
இரண்டு பேரும் பத்திரத்தையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். இந்தச் சட்டத்தை வைத்து மருமகளை வெளியே தள்ளுவதைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா? 2020-ல் பெங்களூரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் பெண்ணுக்கு இருக்கிற வசிக்கும் உரிமையை முதியோர் சட்டத்தைக் காட்டிப் பறிக்க முடியாது என்றார்கள். காவிரிக்கரை அண்ணன் சொல்கிற நாகப்பட்டினம் வழக்கிலும் எதிர்த் தரப்பு மருமகள்தான். எப்போதும் நாங்கள்தான் வில்லி.

காவிரிக்கரை:
அம்மா, அந்த வழக்கில் சொத்து மகனுக்கு எழுதப்பட்டது. மகன் இறந்த பிறகு சொத்து மருமகள் கைக்குப் போனது, மாமியாருக்குச் சாப்பாடு நின்றது. சொத்து யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதில் வில்லி எங்கே வந்தாள்? பெங்களூரு வழக்கு வேறு. அங்கே எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

நெல்லை மருமகள்:
கவனிக்கவில்லை என்று மாமியார் சொன்னால் போதும், உடனே நம்பிவிடுவீர்கள். அவருக்கு மகள்கள் இல்லையா? அவர்களை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

கோவைத்தம்பி:
அண்ணே, பத்திரம் இருக்கட்டும். மாதப் பராமரிப்புக்கு 10,000 ரூபாய்தான் உச்சவரம்பு. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஆள் வைக்க அது போதுமா? கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினால் மூன்று மாதம் சிறை, இல்லை 5,000 ரூபாய் அபராதம். செருப்பு விலை. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம், குறைந்தது 150 பேர் தங்கும்படி என்று 19-ம் பிரிவு சொல்கிறது. அரசு "அமைக்கலாம்" என்று எழுதிவிட்டு விட்டுவிட்டார்கள்.

காவிரிக்கரை:
சரியான கேள்வி தம்பி. அந்த உச்சவரம்பை எடுத்துவிட 2019 டிசம்பரில் திருத்த மசோதா கொண்டு வந்தார்கள், சட்டமாகவில்லை. அதனால்தான் 23-ம் பிரிவை விடக்கூடாது என்கிறேன். வீடு கையில் இருந்தால்தான் பெற்றவருக்குச் சோறு. 2025 ஜனவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில் மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து செய்தது. இது முதியோரைக் காப்பதற்கான சட்டம், தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் தீர்ப்பாயம் வெளியேற்றவும் உத்தரவிடலாம் என்று சொன்னது. சார்பதிவு சார் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சார்பதிவு:
திறக்கிறேன். அந்த மகன் "கடைசிவரை கவனிப்பேன், தவறினால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்" என்று தனியாக வாக்குறுதி எழுதிக் கொடுத்திருந்தான். எழுத்தில்! நான் சொல்வதும் அதுதானே? அப்புறம், 2022-ம் இரண்டு நீதிபதி அமர்வு, 2025-ம் இரண்டு நீதிபதி அமர்வு. ஒன்றை ஒன்று தள்ள முடியாது. உயர் நீதிமன்றம் உச்ச நீதிமன்றத்துக்கு மேலே போகவும் முடியாது. எத்தனை தடவை சுற்றினாலும் அந்த ஒரு வரிக்குத்தான் வருவீர்கள்.

காவிரிக்கரை:
நீங்கள் நேற்று சொன்னது "பத்திரத்தில்". இன்றைக்குத் தனித் தாள் போதும் என்கிறீர்கள். நாளைக்குச் சாட்சி போதும் என்பீர்கள். அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்: நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும், எப்படி நிரூபிப்பது என்பது மனுதாரர் பாடு. இல்லத்தில் படுத்திருக்கும் ஒருவரால் மனு போட முடியாவிட்டால் அவர் சார்பில் ஒரு அமைப்பு போடலாம் என்றும் அதே 23-ம் பிரிவில் இருக்கிறது. அதையெல்லாம் சொல்லாமல் "படியேறுவதே வீண்" என்று எழுதியதற்குத்தான் எனக்குக் கோபம்.

சார்பதிவு:
வீண்தான். மேல்முறையீட்டில் அடிபடும், அப்போது உங்களை வந்து கேட்பார்கள். வழக்கறிஞரே கூடாது என்று 17-ம் பிரிவு வேறு. வயதானவர் தனியாக நின்று என்ன வாதாடுவார்?

கோவைத்தம்பி:
கேரளாவில் அந்தப் பிரிவை 2021-ல் உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டதே சார்.

சார்பதிவு:
இது தமிழ்நாடு.

கோவைத்தம்பி:
சரி, 2006-ல் எழுதிய செட்டில்மெண்ட்டுக்கு இது பொருந்துமா? எங்கள் தெருவில் ஒரு தாத்தா கேட்கச் சொன்னார்.

காவிரிக்கரை:
பொருந்தாது தம்பி. சட்டம் அமலுக்கு வந்த பிறகு எழுதியதற்குத்தான் 23. ரத்து வேண்டுமென்றால் சிவில் கோர்ட். ஆனால் பராமரிப்புத் தொகைக்கு ஆர்.டி.ஓ.விடம் மனு போடலாம், 90 நாளில் முடிக்க வேண்டும். முதியோர் உதவி எண் 14567-க்கு முதலில் பேசச் சொல்லுங்கள்.

சார்பதிவு:
ஏன், 2006-ல் பாசம் இல்லையா? உள்ளடங்கிய நிபந்தனை என்று அங்கேயும் சொல்லிப் பார்ப்பதுதானே.

காவிரிக்கரை:
தேதியைச் சட்டமே சொல்கிறது சார். எழுத்தில் வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

நெல்லை மருமகள்:
மகள்களைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சார்பதிவு:
வரியைக் காட்டுங்கள்.